துவைக்கிற கல்லில் ஒரு மரம்

மேல் கை ஊசியைப் பிடித்திருந்தது. கீழ்க் கை துணிக்கு அடியில், யார் கண்ணிலும் படாத இடத்தில், நூலைப் பிடித்திருந்தது. ஊசி துணியைத் துளைத்து இறங்கும். கீழே காத்திருக்கும் விரல்கள் அதன் கொக்கியில் நூலை மாட்டிவிடும். ஊசி நூலோடு மேலே வரும், ஒரு கண்ணி விழும். அந்தக் கண்ணிக்குள்ளேயே மறுபடியும் இறங்கும். பார்க்கிறவர்களுக்கு மேல் கைதான் எல்லா வேலையையும் செய்வதுபோலத் தோன்றும். கீழ்க் கை ஒரு தரம் தப்பினால் மேல் கை வெறும் துணியைக் குத்திக்கொண்டிருக்கும் என்பது ஆரி வேலை தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்தில் இழுத்துக் கட்டியிருந்த பட்டு, காப்பிக்கொட்டை நிறம். அதன் மேல் ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. காம்பஸ் வைத்துப் போட்டதுபோலச் சீரான வளையங்கள் இல்லை. ஒரு பக்கம் நெருங்கியும் ஒரு பக்கம் அகன்றும், நடுவே எங்கோ நெளிந்தும் போயின. துருச் சிவப்பு, அதையடுத்துச் சந்தனம், அதையடுத்துப் பழைய எலும்பின் வெள்ளை, பிறகு மறுபடியும் துருச் சிவப்பு.

பக்கத்து ஜெராக்ஸ் கடைத் தில்லையம்மாள் டீ டம்ளரோடு வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னா டிசைன் இது? வெங்காயத்த குறுக்க வெட்டி வச்சாப்புல இருக்குது."

"வெங்காயம் இல்லக்கா."

"அப்ப பரோட்டாவா?"

"மரம்."

"மரம்னா எல காணும், கெள காணும்."

"அறுத்த மரம்க்கா. உள்ள இருக்கிற வரி."

"கல்யாணத்துக்குப் போடுற பிளவுசுல அறுத்த மரத்த வைக்கச் சொல்லி எந்த மவராசி கேட்டா?"

"லோகநாயகி அக்கா. அண்ணாகிராமம் பக்கம். பொண்ணுக்கு அம்மா."

தில்லையம்மாள் ஒரு வாய் டீயைக் குடித்துவிட்டு, "படிச்சவ நீ. உன்கிட்ட வர்றதும் அப்பிடித்தான் வரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சத்யப்பிரியா ஊசியை நிறுத்தவில்லை. நிறுத்தினால் யோசனை வந்துவிடும். லோகநாயகி இன்று வருகிறாள். பொங்கலுக்குப் பிறகு அவளிடமிருந்து வந்தது ஒரே ஒரு போன்தான். 'எழிலு பிளவுசுக்கு அவசரம் இல்ல சத்யா, அத அப்பிடியே வையி. மொதல்ல எனக்கு ஒண்ணு தச்சிக் குடு' என்றாள். வளையங்களைப் பற்றிச் சொன்னாள். துணியைப் பஸ்ஸில் வரும் ஒருவரிடம் கொடுத்தனுப்பினாள். போன வாரம் அதே ஆளிடம், இன்று வருவதாகச் சொல்லியனுப்பினாள். வேறு எதுவும் சொல்லவில்லை. பங்குனியில் முகூர்த்தம் வைத்த கல்யாணத்துக்கு மணப்பெண் பிளவுஸ் அவசரமில்லை என்றால் என்ன அர்த்தம்? திரும்பக் கூப்பிட்டுக் கேட்க சத்யப்பிரியாவுக்குத் துணிவு வரவில்லை. பங்குனியும் போய்விட்டது. ஒரு குடும்பத்தில் நடக்க இருந்த நல்ல காரியத்தைத் தன் வாய் கெடுத்துவிட்டதோ என்ற பயம் அவளுக்குள் நூல் சிக்கு மாதிரி கிடந்தது.

*

சத்யப்பிரியா கடலூர் முதுநகர்க்காரி. அப்பா பக்கிரிக்கு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் லாரிக்கு மூட்டை ஏற்றி இறக்கும் வேலை. மகள் பிளஸ் டூவில் தேறியதும், டாக்டருக்குப் படிக்க வைக்க முடியாவிட்டாலும் அதற்கு அடுத்த படியிலாவது நிறுத்திவிட வேண்டும் என்று நினைத்தார். அடுத்த படி எது என்று கம்பெனி வாசலில் விசாரித்தார். ஜுவாலஜி என்றார் ஒருவர். தவளையை அறுப்பார்களாம், மனுஷனை அறுப்பதற்கு முன்னால் அதுதானாம்.

அந்த ஒரு சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு அவர் சிதம்பரம் பஸ்ஸில் ஏறினார். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வரைக்கும் சொல் பத்திரமாக இருந்தது. அங்கே ஏறிய ஒரு பழைய கூட்டாளி வழிநெடுக மச்சினன் வீட்டுச் சண்டையைச் சொல்லிக்கொண்டே வந்தார். வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. காலேஜில் ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர், "என்ன குரூப்பு பெரியவரே?" என்று கேட்டபோது பக்கிரி நெஞ்சை நிமிர்த்தி, "ஜியாலஜி" என்றார்.

"பொம்பளப் பிள்ளைக்கா?"

"ஏன், பொம்பளப் பிள்ள எடுக்கக் கூடாதா?"

எடுத்தாயிற்று.

முதல் நாள் சத்யப்பிரியா தவளையைத் தொட வேண்டியிருக்குமே என்று கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தட்டில் வந்தவை கற்கள். ஒன்று வெள்ளை, ஒன்று கறுப்பு, ஒன்று மூக்குப்பொடி நிறம். பாடம் நடத்த வந்த ஆசிரியை அந்த மூக்குப்பொடி நிறக் கல்லை அவள் கையில் வைத்து, "இதுக்குப் பேரு கடலூர் மணற்கல்" என்றார்.

அவளுக்கு அந்த நிமிஷம் அப்படியே நின்றுவிட்டது. கடலூர் என்றால் அவளுக்கு மீன் மார்க்கெட், ரயில்வே கேட், மழை வந்தால் வீட்டுக்குள் ஏறும் தண்ணீர். அந்தப் பெயரில் ஒரு கல் இருக்கிறது. எந்த தேசத்தில் இதைப் படித்தாலும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் படிக்க வேண்டும். ஊர் உண்டாவதற்கு முன்னால், ஊரைப் பார்க்க ஆள் உண்டாவதற்கு முன்னால், ஏதோ ஓர் ஆறு கொண்டுவந்து பரப்பிய மணல் அது. கையில் கனத்தது. விரலில் சிவப்பாக ஒட்டியது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னபோது பக்கிரி அவள் கையிலிருந்த, மடிப்புக் கலையாத கைக்குட்டையைப் பார்த்தார். "தவள?" என்று ஒரு தரம் கேட்டார். "தவள இல்லப்பா. கல்லு." அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நானும் கெமிக்கல் மூட்டதான் தூக்குறேன், உள்ள என்னா இருக்குதுன்னு தெரியாது. நீயாவது தூக்குறது என்னான்னு தெரிஞ்சி தூக்கு" என்றார். குரூப்பை மாற்றிக் கேட்டிருக்கலாம். அவரும் போகவில்லை, அவளும் கேட்கவில்லை.

படித்து முடித்தபோது வந்த கம்பெனிக்காரர்கள் பையன்களை மட்டும் பார்த்தார்கள். மலை, குவாரி, ராத்திரி கேம்ப் எல்லாம் பெண்ணுக்கு ஆகாது என்றார்கள். பிறகு கல்யாணம். கணவன் அன்புமணிக்கு சிதம்பரத்தில் ஆட்டோ. கீழவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்தில் ஒரு தையல் கடையில் உட்கார்ந்து ஆரி வேலை கற்றுக்கொண்டாள். சட்டம் கட்டி, தனியாகக் கடை போட்டாள். கண்ணாடிக் கல், குந்தன் கல் என்று வரிசையாக ஒட்டித் தைப்பதைப் பார்த்து அன்புமணியின் கூட்டாளிகள் சிரித்தார்கள். "கல்லு படிச்சாங்க, கல்லுலயே வேலை கெடச்சிடுச்சி. கவர்மெண்டுல கூட இப்பிடிப் பொருத்தமா குடுக்க மாட்டான் மச்சான்."

அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு, யாருக்கும் சொல்லாமல் தன்பாட்டுக்கு வேறொரு சிதம்பரத்தில் நடந்துகொண்டிருப்பாள். காய்கறிக்குப் போகும் வழியில் தேர் வீதியில் அவள் காலுக்கு அடியில் தார் இருக்கும், தாருக்கு அடியில் ஜல்லி, அதற்கும் கீழே ஆறுகள் மாறி மாறி வந்து படிய வைத்த வண்டல், அதற்கும் கீழே கடல் ஒருகாலத்தில் வந்து விட்டுப்போன கிளிஞ்சல். கோயில் பிராகாரத்தில் எல்லாரும் சந்நிதியைப் பார்க்க, அவள் ஒரு நிமிஷம் தரையைப் பார்ப்பாள். தூணைத் தொடும்போது, இது குழம்பாய்க் கொதித்து எத்தனையோ காலம் எடுத்து ஆறியது என்று உள்ளங்கைக்குத் தெரியும். மழை பெய்தால் போதும், தெருவில் ஓடும் தண்ணீர் மணலைத் தனியாகவும் களிமண்ணைத் தனியாகவும் பிரித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். "அடுப்புல பால்" என்று அன்புமணி உள்ளேயிருந்து சொல்ல வேண்டும்.

அன்புமணி ஆட்டோ கவிழ்ந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஆபரேஷன் அறைக்கு வெளியே அவள் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். அழுகையும் வரவில்லை, சாமி பெயரும் வரவில்லை. எதிரே சுவரோரம் ஒரு கறுப்புக் கல் பலகை பதித்திருந்தது. அதில் வெள்ளைப் புள்ளிகள். அவள் ஒரு புள்ளியிலிருந்து அடுத்த புள்ளிக்குப் போனாள். எது முதலில் உறைந்தது, எது பிறகு இடம் கிடைத்த பக்கம் வளர்ந்தது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனாள். அந்தக் கல்லுக்கு அவசரமே இல்லை. கதவு திறந்து, பிழைத்துவிட்டார் என்று சொன்னபோது அவள் எங்கோ தூரத்திலிருந்து திரும்பி வந்தாள். எங்கே போயிருந்தாள் என்று அவளைச் சுற்றி அழுதுகொண்டிருந்த யாருக்கும் தெரியாது.

*

லோகநாயகி முதல் தடவை கடைக்கு வந்தது மார்கழியில். மகள் எழிலரசி சிதம்பரத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.ஏ. வரலாறு கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வந்த கையோடு கல்யாண பிளவுஸுக்கும் சொல்லிவிட்டுப் போக வந்தாள். மயில் வேண்டும், முதுகு முழுக்கத் தோகை விரிய வேண்டும் என்றாள். பேச்சு நீண்டதில் சத்யப்பிரியா படித்தவள் என்று தெரிந்ததும் லோகநாயகியின் முகம் மலர்ந்தது. அது மரியாதையால் வந்த மலர்ச்சி இல்லை.

"டிகிரியா? இந்த ஊசியப் புடிக்கவா?"

"ஊசி அப்பறம் வந்ததுக்கா."

"அதான் கேக்கறேன். இத நீயே என் பொண்ணுகிட்ட சொல்லணும். நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா."

விஷயம் இதுதான். மாப்பிள்ளை சிலம்பரசனுக்கு ஓசூரில் நல்ல வேலை. அவன் அம்மா பங்குனியிலேயே கல்யாணத்தை முடித்துப் பெண்ணை ஓசூருக்கு அனுப்பிவிட வேண்டும் என்கிறார். பரீட்சை சித்திரையில். அங்கேயிருந்து வந்து எழுதுவதெல்லாம் ஆகாது, பையன் சம்பாதிக்கிறான், படித்த வரைக்கும் போதும் என்று சொல்லிவிட்டார். லோகநாயகியும் சரி என்று தலையாட்டிவிட்டாள். எழிலரசி மட்டும் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள், பிறகு பேசாமல் இருந்து பார்த்தாள். கடைசிப் பரீட்சையைத்தான் எழுத விடுங்களேன் என்கிறாள்.

"சரித்திரம் படிச்சி என்னாத்த கிழிக்கப் போறா? செத்துப்போன ராசாவெல்லாம் எழுந்து வந்து இவளுக்குச் சம்பளம் குடுப்பானா? பொங்கலுக்கு வீட்டுக்கு வருவா. நீயும் அளவு எடுக்க வந்துடு. நான் படிச்சேன், ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போ. படிச்சவ வாயால வந்தா நம்புவா."

சத்யப்பிரியா மாட்டேன் என்று சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. அளவு எடுக்க வருகிறேன் என்று மட்டும் சொன்னாள்.

பொங்கல் கழிந்து இரண்டொரு நாளில் கடலூர் வந்து பண்ருட்டி பஸ்ஸைப் பிடித்தாள். கடலூர் மணற்கல் அடுக்கிய கேப்பர் மலையின் சிவப்பு வெட்டு ஜன்னலில் தெரிந்ததும் வழக்கம்போல அவளுக்குள் ஆறு ஓட ஆரம்பித்தது. வாய்க்காலும் கரும்பும் டிராக்டரும் மெல்லக் கரைந்துபோய், கரை தெரியாத ஓர் ஆறு மணலை உருட்டிக்கொண்டு கடலுக்குப் போனது. அதில் மரங்கள் வேரோடு மிதந்தன. அந்த மரங்களில் உட்கார என்ன பறவை இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தவளைக் கண்டக்டர்தான் இறங்கச் சொன்னார்.

லோகநாயகியின் வீடு முந்திரித் தோப்பை ஒட்டி இருந்தது. முந்திரி பூவெடுத்திருந்தது. பலாவில் விரல் நீளப் பிஞ்சு. வீட்டுக்காரர் சின்னையன் கயிற்றுக் கட்டிலிலிருந்து எழுந்து, "வாம்மா, மயில் தைக்கிற பொண்ணா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார்.

எழிலரசி கையைத் தூக்கி நின்றாள். சத்யப்பிரியா டேப்பை அவள் தோளில் வைத்தாள். லோகநாயகி வாசற்படியில் சாய்ந்துகொண்டு, "ம், சொல்லு சத்யா" என்றாள்.

பெண் அவளையே பார்த்தாள். தண்ணீர் நிறைந்த கிணறு மாதிரி இருந்தது பார்வை.

"படிச்சதுக்கு வேலை கெடைக்கல" என்றாள் சத்யப்பிரியா. "அது நெசந்தான்."

எழிலரசி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். லோகநாயகி, "கேட்டுக்க" என்றாள். இன்னும் ஏதோ ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. அது என்ன என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும், ஆனால் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. பெரிய வார்த்தையாகச் சொன்னால் பொய்போல ஆகிவிடும். டேப்பை எழிலரசியின் தோளிலேயே விட்டுவிட்டு, "கை கழுவிட்டு வரேங்க்கா" என்று பின்பக்கம் போனாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் துவைக்கிற கல் கிடந்தது. காலையில் துவைத்த ஈரம் இன்னும் காயவில்லை. கை கழுவக் குனிந்தவள் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டாள். சோப்பு நுரை ஒதுங்கிய இடத்தில், கல்லுக்குள் வளையங்கள் தெரிந்தன. ஒன்றுக்குள் ஒன்றாக. ஒரு பக்கம் நெருங்கி, ஒரு பக்கம் அகன்று. ஓரத்தில் பட்டை உரிந்ததுபோல நீள வரிகள். ஒரு கிளை முளைத்த கணு.

அவள் சொம்பில் தண்ணீர் மொண்டு மெதுவாக ஊற்றினாள். நிறம் எழும்பி வந்தது.

கை கழுவப் போனவள் வராததால் லோகநாயகி பின்னால் வந்தாள். "என்னா, வழுக்கிடுச்சா?"

"இந்தக் கல்லு எங்கேருந்து வந்ததுக்கா?"

"அதா? தோப்புல கெணறு வெட்டுனப்ப வந்துச்சாம், நான் வாக்கப்பட்டு வர்றதுக்கு முன்னாடியே. மரக்கட்ட மாதிரி இருக்குதுன்னு மரக்கல்லுன்னு சொல்லுவாங்க. நல்லா அடிச்சித் தொவைக்கலாம், தேயாது."

"மரக்கட்ட மாதிரி இல்லக்கா. மரக்கட்டதான்."

லோகநாயகி சிரித்தாள். சத்யப்பிரியா சிரிக்கவில்லை. ஈரக் கையால் வளையத்தின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலச் சொன்னாள். இந்த இடத்தில் ஓர் ஆறு ஓடியது. எங்கோ நின்ற மரத்தை அது அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தது. மணலுக்குள் ஊறிய தண்ணீரில் கல்லின் சத்து கரைந்திருந்தது. மரத்தில் ஒரு நார் மக்கிப் போக, அந்த நார் இருந்த இடத்தில் அதே அளவுக்குக் கல் வந்து உட்கார்ந்தது. பிறகு அடுத்த நார்.

"நாங்க தைக்கிற மாதிரிதான்க்கா. ஒரு தையல், அப்பறம் ஒரு தையல். வெளிக்கோடு மாறவே இல்ல. உள்ள மட்டும் முழுக்கக் கல்லாயிடுச்சி. இந்த வரி ஒண்ணொண்ணும் அந்த மரம் வளந்த வளத்தி. இங்க பாருங்க, நெருக்கமா இருக்குதா, அப்ப அதுக்குத் தண்ணி பத்தல. இங்க அகலம், அப்ப நல்ல மழ."

"எப்ப பேஞ்ச மழ?"

"கோடி வருசம் இருக்கும். மனுசனே இல்ல அப்ப."

லோகநாயகி கல்லுக்கு அந்தப் பக்கம் குந்தினாள். எழிலரசி டேப்பைத் தோளில் போட்டபடியே கதவருகில் வந்து நின்றாள். சத்தம் கேட்டு சின்னையனும் எழுந்து வந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "அப்ப நல்ல வெல போவுமா?" என்றார்.

"போவாதுண்ணே. யாரும் வாங்க மாட்டாங்க."

"வெல போவாதா? அப்ப தெரிஞ்சி என்னா ஆவப்போவுது?"

இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் எத்தனையோ விதமாக அவளிடம் கேட்டிருக்கிறார்கள். கம்பெனி வாசலிலும், ஆட்டோ ஸ்டாண்டிலும், இதோ இந்தத் தண்ணீர்த் தொட்டியடியிலும். சத்யப்பிரியா எழுந்து கையைப் புடவையில் துடைத்தாள்.

"ஒண்ணும் ஆவாதுண்ணே. கல்லு கல்லாத்தான் இருக்கும், துணி வெளுக்கும். எனக்கு மட்டும் எங்க போனாலும் இப்பிடி ஒண்ணு கூடவே வரும். அது வரலன்னா நான் வேற யாரோவா இருந்திருப்பேன். அவ்வளவுதான் எனக்குச் சொல்லத் தெரியும்."

சின்னையன் தலையைச் சொறிந்துகொண்டு போனார். லோகநாயகி மட்டும் எழுந்திருக்கவில்லை. கணுவின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தினி வருசமா இது மேல அடிச்சி அடிச்சித் தொவைச்சிருக்கேன்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

அளவெடுத்து முடிந்தது. காப்பி கொடுத்தார்கள். பரீட்சைப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. பஸ் ஏறுமிடம் வரை கூட வந்த எழிலரசி, "அது என்ன மரம்னு கண்டுபுடிக்க முடியுமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். "முடியும். எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்க இருப்பாங்க" என்றாள் சத்யப்பிரியா.

அதற்குப் பிறகு வந்ததுதான் அந்த ஒரு போன்.

*

கடைசிக் கண்ணியை முடிச்சிட்டு, சட்டத்திலிருந்து துணியைப் பிரித்து, பிளவுஸாக்கி, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டு மடிப்பதற்கும் லோகநாயகி சந்துக்குள் நுழைவதற்கும் சரியாக இருந்தது. தனியாக வந்தாள். கையில் ஒரு மஞ்சள் பை, நெற்றியில் வெயில்.

சத்யப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். கேட்க வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றைக் கேட்டாள்.

"எழிலு வரலயாக்கா?"

"வந்திருக்கா. உள்ள எழுதிக்கிட்டு இருக்கா."

"எங்க உள்ள?"

"காலேஜில. இன்னிக்குத்தான் மொதப் பரீட்ச. கேட்டுக்குள்ள விடல, வாட்ச்மேன் வெளிய போங்கன்னுட்டான். சரி, அதுக்குள்ள உன்னப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

சத்யப்பிரியா ஸ்டூலில் உட்கார்ந்தாள். 

"அப்ப கல்யாணம்?"

"வைகாசியில."

"நான் பயந்தே போய்ட்டேன்க்கா. அவசரம் இல்லன்னு சொன்னீங்களா, நின்னே போச்சோன்னு."

"நிக்கும்னுதான் நானும் நெனச்சேன். மாப்பிள்ளையோட அம்மா ரெண்டு வாரம் போன எடுக்கல. ஏன் தள்ளிப் போடுறீங்கன்னு கேட்டாங்க. என்னான்னு சொல்லுறது? கல்லுக்குள்ள மரம் இருந்துச்சின்னா சொல்ல முடியும்? பொண்ணு ஆசப்படுது, அம்மாவும் ஆசப்படுதுன்னேன். கடசியில அந்தத் தம்பியே கூப்டுச்சி. எழுதட்டும் அத்த, நான் அம்மாகிட்ட பேசிக்கிறேன்னிச்சி."

அவள் பையைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்சம் சாய்ந்துகொண்டாள்.

"அன்னிக்கு நீ போனப்பறம் எனக்குத் தொவைக்கவே ஓடல. அடிக்கக் கைய ஓங்குனா, உள்ள மழ பேஞ்ச மாதிரி ஒரு நெனப்பு. ஒரு நாள் எழிலுகிட்ட கேட்டேன், நீ படிக்கிறியே, அதுல என்னாடி இருக்குதுன்னு. மூணு வருசமா அனுப்புறேன், கேட்டதே இல்ல பாரு. பரங்கிப்பேட்டத் தொறையில கப்பல் நின்னுச்சாம். நம்ம பக்கத்து நெசவுத் துணியெல்லாம் அதுல ஏறி எந்தெந்த தேசத்துக்கோ போச்சாம். விளக்கு வைக்கிற நேரம், சொல்லிக்கிட்டே இருந்தா. நான் அரிசியக் கையில வச்சிக்கிட்டு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒல கொதிச்சி வத்திப் போச்சி."

"இப்ப எதுல தொவைக்கிறீங்க?"

"சிமெண்ட்டுக் கல்லு ஒண்ணு வாங்கிப் போட்டாச்சி. அதத் தூக்கி முந்திரி அடியில வச்சிருக்கேன். காலையில எழுந்ததும் ஒரு சொம்பு ஊத்துவேன். தண்ணி பட்டாத்தான வரி தெரியுது. அவுங்க அப்பா ஊரு பூரா சொல்லிக்கிட்டுத் திரியறாரு. எங்க வீட்டுல மரத்துக்குத் தண்ணி ஊத்துறா, இந்த ஆடிக்குத் தழைஞ்சிடும்னு."

ஜெராக்ஸ் கடையிலிருந்து தில்லையம்மாள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அவள் எப்போதிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள் என்று தெரியவில்லை.

சத்யப்பிரியா எழுந்து அலமாரியிலிருந்து காகித உறையை எடுத்தாள். உறையிலிருந்து பிளவுஸை உருவி, மடிப்பைப் பிரித்து, கை வேலை மேலே தெரியும்படி இரண்டு கையிலும் ஏந்தினாள். சந்துக்குள் சாய்வாக விழுந்த வெயில் அந்த வளையங்களில் ஏறியது. துருச் சிவப்பும் சந்தனமும் எலும்பு வெள்ளையும், தண்ணீர் ஊற்றியதுபோல, ஒவ்வொன்றாக நிறம் கூடின. ஒரு பக்கம் நெருக்கம். ஒரு பக்கம் அகலம். ஓரத்தில், சொல்லாமலே அவள் சேர்த்து வைத்த ஒரு சின்னக் கணு.

லோகநாயகி இரண்டு கையையும் புடவையில் துடைத்துக்கொண்டு நீட்டினாள். சத்யப்பிரியா அதை அவள் கைகளில் வைத்தாள்.